ஒன்றாம் நம்பர் வீடு

"பத்து நிமிஷம்தான் நிப்பேன் சார், அதுக்கு மேல முடியாது" என்று சொல்லி அந்தப் பார்சல்காரப் பெண் போனை வைத்தபோது வேதகிரியின் வலது கால் செருப்புக்குள் போய்விட்டிருந்தது, இடது செருப்புதான் எங்கே என்று தெரியவில்லை, கட்டிலுக்கு அடியிலா, கதவுக்குப் பின்னாலா, மனைவி அஞ்சலாட்சி குனிந்து எடுத்தாள், எடுத்தவள் கொடுக்காமல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள், "ரோட்டுல நின்னு வாங்கிக்காதய்யா. வாசலுக்கு வரட்டும். அவங்க கையால இந்த வாசலுக்கு வரட்டும்." ஒரு மாதமாக அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு துண்டுப் பிரசுரத்தில் அரைப் பக்கம் வராது, அந்த அரைப் பக்கத்தில் பாதி இந்த வாக்கியம்தான், வாசலுக்கு வரட்டும். அவர் சரி என்று தலையாட்டினார். நேற்று பழமலை புனேயிலிருந்து பேசியிருந்தான், மகன் சமரனோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்த பையன், விருத்தாசலத்துக்காரன், அவன்தான் சமரனின் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பியவன். "அப்பா, ரெண்டு தடவை வந்து வீடு பூட்டியிருக்குதுன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. நாளைக்கு மூணாவது. அதுவும் தப்பினா எனக்கே திரும்பி வந்துடும். நான் நாளன்னிக்கி ரூமைக் காலி பண்றேன்பா, இங்க வாங்க ஆளில்ல." பூட்டியிருந்தது. அதைக் கேட்டபோது அஞ்சலாட்சி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நின்றாள். "பூட்டா? நாப்பது வருஷமா இந்த வீட்டுக்கு ஏதுய்யா பூட்டு?" வீடு கிடைக்கவில்லை என்று எழுத வெட்கப்படுகிறவன் வீடு பூட்டியிருந்தது என்று எழுதுகிறான், அவ்வளவுதான். போன் பண்ணியும் பார்த்திருப்பார்கள், பெட்டியின் மேல் பழமலை பழக்கத்தில் எழுதிவிட்டது சமரனின் நம்பர், அந்தப் போன் அணைந்து பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, யாரை எடுக்கச் சொல்வது. காலையில் ரோட்டு முனை டீக்கடை மஸ்தான் பாயிடம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

வாசலைத் தாண்டியதும் பதினொன்றாவது திருப்பம். மெயின் ரோட்டிலிருந்து எண்ணினால் பதினொன்று, அவருக்கு இங்கிருந்து எண்ணிப் பழக்கமில்லை, இறங்கு வரிசையில் எண்ணிக்கொண்டே போக வேண்டும், பத்து, ஒன்பது, முட்டி வலிக்கிறது, தடியடியில் வாங்கிய முட்டி, மழைக்கு மட்டும் வலித்துக்கொண்டிருந்தது இப்போது வெயிலுக்கும் வலிக்கிறது. மணி ஒன்றே முக்கால். தகரக் கூரைகள் சுட்டுக்கொண்டிருந்தன, இரண்டு பக்கச் சுவரும் மூச்சு விட்டன. இந்தத் திருப்பங்களை அவர்தான் போட்டார். எண்பத்து நாலில் குடிசைகள் தீப்பிடித்து எரிந்தன, தீப்பிடித்து என்றுதான் பத்திரிகைக்காரன் எழுதினான், பிடிக்கவைத்து என்று எழுத அவனுக்குப் பேனா எழும்பவில்லை. ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே அந்தச் சாம்பல் மேட்டில் திரும்பக் குடிசை போடுவது என்று குடிசைவாசிகள் சங்கம் தீர்மானித்தபோது, எப்படிப் போடுவது என்பதைத் தீர்மானித்தவர் வேதகிரி. எங்கோ ஒரு தேசத்தில் ராஜா பீரங்கி உருட்ட வசதியாகத் தெருவையெல்லாம் நேராக வெட்டினான் என்று எட்டணாப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தார். எலெக்‌ஷன் சுவரொட்டியின் பின்பக்கத்தில் கரித்துண்டால் வரைந்தார். எந்தச் சந்தும் பதினைந்து எட்டுக்கு மேல் நேராகப் போகக் கூடாது. எந்தச் சந்திலும் ஜீப் நுழையக் கூடாது. வீடுகளுக்கு நம்பர் வரிசையாக இருக்கக் கூடாது, சங்கத்தில் சேர்ந்த வரிசைதான் வீட்டு நம்பர், அட்டையில் எந்த எண்ணோ கதவில் அதே எண், சிவப்புப் பெயிண்டில். எட்டுக்குப் பக்கத்தில் நூற்றுப் பத்து, நூற்றுப் பத்துக்கு எதிரே முப்பத்தொன்று. பெயர் உரிமை நகர். எண்பத்தாறில் காலி பண்ண வந்தார்கள், புல்டோசர் ரோட்டிலேயே நின்றது, லாரியிலிருந்து இறங்கியவர்கள் ஆளுக்கு ஒரு சந்தில் புகுந்து ஒருவரையொருவர் தேடினார்கள். பட்டியலில் இருந்த ஒருத்தன் வீட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் ஒருத்தன் கடைசியில் பம்பு அடித்துக்கொண்டிருந்தவளிடம், எம்மா, வெளிய போக எது வழி, என்று கேட்டான், அவள் கைகாட்டிய பக்கம் போய்க் கால்வாய்ச் சேற்றில் முழங்கால் வரை நின்றான். இந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருப்பார், சொல்லும்போதெல்லாம் கைதட்டல், நீதிமன்றம் தடை கொடுத்தது, பட்டா வந்தது, கல்வீடு வந்தது, யாரும் கொடுக்கவில்லை, எடுத்தோம். குடிசை போட்டபோதே ஒன்றாம் நம்பர் வீடு ரொம்ப உள்ளே, கடைசியில், இருக்கட்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள், தலைவரைத்தானே முதலில் தேடி வருவான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டு. ஏழில் முருங்கை மரம். பத்து நிமிஷத்தில் இரண்டு போயிருக்கும், மூன்றா, போனை எடுத்துப் பார்க்கலாம், பார்க்க நிற்க வேண்டும், நின்றால் அரை நிமிஷம். அந்தப் பெண் பைக்கை உதைத்துக் கிளப்புகிற சத்தம் காதில் விழுந்த மாதிரி இருந்தது, இல்லை, மிக்ஸி. சமரனும் இதே வேலை பார்த்தவன்தான், பார்சல் வண்டி, நான்கு வருஷம், முதுகில் சிலிண்டர் உயரத்துக்கு ஒரு பை. ராத்திரி சோறு தின்னும்போது ஊரைச் சாப்பாட்டுத் தட்டில் விரலால் வரைந்து காட்டுவான். "அண்ணா நகர்ல மணிக்கு இருபது போட்டுருவேன்பா. அவென்யூ, தெரு, பிளாக், கண்ண மூடிட்டுப் போலாம். மயிலாப்பூர்ல கோயிலைச் சுத்திச் சுத்தித் தெரு, அதுகூடப் பழகிடும். ஓஎம்ஆர்ல எதிர்ப்பக்கம் கட்டடம் கண்ணுக்குத் தெரியும், போவணும்னா ரெண்டு கிலோமீட்டர் போயி வளைஞ்சு வரணும், அப்புறம் கேட்ல ஒருத்தன் பேரு ஊரு கேப்பான். நம்ம ஏரியா? மூணு. மூணே மூணு. நம்ம ஜனங்க எதுனா வாங்கினா ஒருத்தன் எடுக்கமாட்டேன்றான், எல்லாம் எந்தலைல." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "நேர்த்தெருவுல முதல்ல யார் வருவான் தெரியுமாடா? புல்டோசர்." "புல்டோசர் வந்து முப்பது வருஷமாச்சுப்பா. நான் டெய்லி வரேன்." அதற்கு அவரிடம் பதில் இருந்தது, பதில் இல்லாமல் அவர் என்றைக்கு இருந்தார், வர்க்கம், நகரம், முதலாளியின் கடிகாரம், அரை மணி நேரம் பேசினார், பையன் தட்டைக் கழுவப் போய்விட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் டப்பாவோடு இறங்கினான். ரோட்டு முனையிலிருந்து ஆரம்பித்து எல்லாக் கதவிலும் சிவப்பு நம்பருக்குக் கீழே வரிசையாகப் புது நம்பர் போட்டுக்கொண்டே வந்தான், ஒன்று, இரண்டு, மூன்று, ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், சிலர் நல்லதாச்சு தம்பி என்றார்கள், சாயங்காலம் தன் வீட்டுக் கதவுக்கு வந்து சேர்ந்தபோது அது நூற்று நாற்பத்திரண்டு. ஒன்றுக்குக் கீழே நூற்று நாற்பத்திரண்டு. மறுநாள் காலையில் வேதகிரி தோளில் இருந்த துண்டை வாளியில் முக்கினார். முதலில் தன் கதவு. பிறகு எல்லாக் கதவும். கொள்கை என்று அன்றைக்குச் சொன்னார், இன்றைக்கும் கேட்டால் அப்படித்தான் சொல்வார், அடையாளத்தை விட்டால் நிலத்தை விட்ட மாதிரி, கேட்க ஆளில்லை. துடைத்துக்கொண்டே போய் எண்பத்தேழாம் கதவில் நிமிர்ந்தபோது சமரன் வண்டிச் சாவியோடு நின்றுகொண்டிருந்தான். துண்டிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் சொட்டியது, செருப்பின் மேல், கால் விரலின் மேல். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அடுத்த மாதம் புனேக்கு அந்தாண்டை ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிற வேலை என்று கிளம்பிவிட்டான், அங்கே எல்லாம் அலமாரியாம், வரிசையாம், எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கே இருக்குமாம். அம்மாவிடம் பேசுவான். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பான், போனை அவரிடம் கொடுக்கச் சொல்ல மாட்டான், அவரும் கையை நீட்ட மாட்டார். ஐந்து வருஷம் இரண்டு பேரும் அப்படியே கெட்டியாக இருந்தார்கள். துண்டு வெள்ளையாகச் சொட்டியது.

ஆறு. ஐந்து. நாலில் கால் தானாக நின்றது. இந்த மூலையில் நிற்காமல் அவர் ஒரு மாதமாகப் போனதில்லை. சுவரில் ஒரு நீளக் கீறல், இடுப்பு உயரத்தில், செங்கல் தெரிய. ஐஸ் பெட்டியின் இரும்பு மூலை போட்ட கீறல். கிடங்கில் மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, முப்பத்து நாலு வயது, வண்டியில் இரண்டு நாள் வந்தான், ரோட்டில் இறக்கி ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு பேர் தூக்கிக்கொண்டு மூன்று திருப்பம் திரும்பிவிட்டார்கள், நாலாவதில் பெட்டி மாட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள். தலைமாட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். "செங்குத்தா நிறுத்தினா போவும்" என்று ஒருத்தன் சொன்னான், சொன்னவன் வாயை இன்னொருத்தன் பொத்தினான். ஜீப் நுழையக் கூடாது, பதினைந்து எட்டுக்கு மேல் நேராகப் போகக் கூடாது, கரித்துண்டு, சுவரொட்டி, அவர் இந்த இடத்தில் இதே செங்கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றார், எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள், அது தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோய் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பந்தல் போட்டு வைத்தார்கள். பஸ் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அஞ்சலாட்சி சொன்னாள், அழாமல், ஏதோ தகவல் சொல்வது போல, "எம்புள்ள வூட்டுக்கே வர்லய்யா. ரோட்டோட வந்தான், ரோட்டோட போய்ட்டான்." படத்துக்கு அவள் இன்னும் மாலை போடவிடவில்லை. படமே இன்னும் சுவருக்கு வரவில்லை. அவன் வீட்டுக்கு வரட்டும், அப்புறம் போடலாம் என்கிறாள், வந்தவனுக்குத்தான் வழியனுப்பணும். எத்தனை நிமிஷம் ஆயிற்று. ஆறு இருக்கும். மூன்று, இரண்டு, ஓட வேண்டும், ஓட முடியவில்லை, முட்டி, மூச்சு, நம்பர் எட்டு, நம்பர் நூற்றுப் பத்து, எல்லாக் கதவும் அவரைப் பார்த்துத் தங்கள் உறுப்பினர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன.

"ஓடி வராத தலைவரே, வுழுந்து வைக்காத, நான் புடிச்சு வெச்சிருக்கேன்" என்று மஸ்தான் பாய் கடைக்குள்ளிருந்தே கத்தினார். அந்தப் பெண் பைக்கில் சாய்ந்து நின்று டீ ஊதிக்கொண்டிருந்தாள், நாற்பது வயது இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, சட்டையில் பரிமளா என்று அட்டை தொங்கியது. பெட்டி சீட்டின் மேல் இருந்தது. அவ்வளவு சின்னதா. ஒரு ஆள் அதற்குள் எப்படி. அவர் பெட்டியைத் தொடவில்லை. "பேரு இன்னா சார்?" என்றாள் அவள். வேதகிரி என்றார். "சமரன் அப்பான்னு போட்டுருக்குது." "அது நான்தாம்மா." முப்பது வருஷம் சுவரெல்லாம் முழ நீளத்துக்கு இருந்த பெயர், பெட்டியின் மேல் இல்லை, பழமலைக்கு அது தெரியாது, தெரிந்தது இது ஒன்றுதான். "சரி, இங்க ஒரு கையெழுத்து போடு" என்று போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "இங்க வாங்கிக்க மாட்டேம்மா. வீட்டு வாசல்ல வந்து குடுக்கணும்." "இன்னா பெரியவரே, வெளயாடறியா? இன்னும் முப்பத்தெட்டு கெடக்குது பையில. உன் ஏரியாவுக்கு வந்தவங்க ரெண்டு பேரு எங்க ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? ஒண்ணாம் நம்பர்னதும் மொத வீடுன்னு நெனச்சு பூந்தாங்களாம், எம்பத்தி நாலு வந்துச்சாம், அப்புறம் பதினேழாம், அப்புறம் ஒரு மாடாம். அந்த நம்பர் போட்டவன் மட்டும் என் கையில கெடைக்கணும்." "கெடைச்சுட்டான்மா, குடு ரெண்டு" என்றார் மஸ்தான் பாய், சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்து, டம்ளரைத் தண்ணீரில் அலசினார், அலசிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார், "அது அவரு புள்ள சாமாம்மா. புள்ள இப்ப இல்ல. வூட்டுக்குள்ள எடுத்துனு போவ முடியாம தோ அந்த டிரான்ஸ்ஃபார்மர்கிட்டதான் வெச்சிருந்தோம்." பரிமளா டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தாள். டீயை வைத்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள், நெற்றியில் வேர்வை பட்டையாக வழிந்தது.

"நம்பர் நீங்களா போட்டது?" என்று கேட்டாள், இப்போது நீங்கள். ஆமாம் என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எண்பத்து நாலிலிருந்து ஆரம்பித்திருப்பார், நாக்கு நுனியில் இருந்தது. "நாங்க ஆத்தோரம் இருந்தோம்யா. எங்க தெரு நேரு. ஒரு காலைல வந்தாங்க, மத்தியானத்துக்குள்ள ஒண்ணும் இல்ல. இப்ப ஊருக்கு வெளிய குடுத்துருக்காங்க, பிளாக்கு எழுபத்தி மூணு, மூணாவது மாடி. எல்லாம் வரிசதான், ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி. பார்சல் போட்டா ஒரு நிமிஷத்துல கதவுக்கு வந்துடும். நான் வேலைக்கு வரத்தான் ரெண்டு பஸ்சு ரெண்டு மணி நேரம்." அவர் உள்ளே எதுவோ எழுந்து நின்றது, பழைய மேடைக்காரன், பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று கையை உயர்த்தப் போனவன், பெட்டியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது, அதை யாரிடம் காட்டுவது, காட்ட வேண்டியவன் எண்பத்தேழாம் கதவில் வண்டிச் சாவியோடு நின்றான். "வண்டியைப் பாத்துக்க பாய்" என்றாள் பரிமளா. "ஆபீஸ்லேர்ந்து ஏன் நிக்கிறன்னு கேப்பானுங்க, கேக்கட்டும்." பெட்டியை அக்குளில் இடுக்கப் புரட்டியவள், "இன்னாய்யா இது, அடியில ஏதோ எழுதி ஒட்டியிருக்குது" என்றாள்.

கோடு போட்ட நோட்டுத் தாள், அகல டேப்புக்குக் கீழே, வழி தெரியட்டும் என்று பழமலை ஒட்டியிருக்க வேண்டும். சாய்ந்த எழுத்து, 'ழ'வுக்கு வால் நீளம். அந்த வாலுக்காக மூன்றாம் வகுப்பில் அவர் சமரனின் காதைத் திருகியிருக்கிறார். கண்ணாடி வீட்டில் இருந்தது, எழுத்து நெளிந்தது, கண்ணாடி இருந்தாலும் நெளிந்திருக்கும். "படிம்மா" என்றார். அவள் தாளை டேப்போடு உரித்தெடுத்து நடந்துகொண்டே படித்தாள், அவர் பின்னால் போனார், தன் சந்தில் முதல் தடவையாக ஒருவர் பின்னால். "பழமலை, ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸ் வந்தா எங்க வீட்டுலயே தங்கிக்க. வழி எழுதறேன். டீக்கடைக்கு இடது பக்கம் சந்து, பூந்துடு. நம்பரைப் பாக்காத. நம்பரைப் பாத்தா செத்த." பரிமளா நிறுத்தினாள். "படிம்மா, படி." "மொதக் குழாயில வலது. நாய் குலைக்கும், சின்னின்னு பேரைச் சொன்னா அடங்கிடும்." சின்னி செத்து மூன்று வருஷம் ஆயிற்று, குழாயையும் பிடுங்கிவிட்டார்கள், மேடை மட்டும் இருக்கிறது, ஆனாலும் பரிமளா மேடை அருகில் ஒரு விநாடி தயங்கி, வலது பக்கம் திரும்பினாள். இதையெல்லாம் அவன் எப்போது எழுதினான், அவ்வளவு தூரத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து கண்ணை மூடி இந்தச் சந்தில் நடந்தானா, ஒவ்வொரு திருப்பமாக, சபித்துக்கொண்டா, இல்லை, குரலில் சாபம் இல்லை, சிரிப்பு இருந்தது, சாப்பாட்டுத் தட்டில் விரலால் வரைந்தபோது இருந்த சிரிப்பு. "நாலாவது திருப்பம் ஒடுக்கம். கையில சாமான் இருந்தா நெஞ்சோட அணைச்சுக்க, ஒடம்பை ஒருக்களிச்சுத் திருப்பு, பூந்துடும்." அவள் தாளை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியை நெஞ்சோடு அணைத்தாள், ஒருக்களித்தாள், சுவரின் கீறல் அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று. பெட்டி திரும்பியது. எதிலும் இடிக்கவில்லை. வேதகிரி அந்த மூலையைத் தாண்டும்போது சுவரைத் தொடவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். ஏழில் முருங்கை, கம்பளிப்பூச்சி விழும், தலையைக் குனிஞ்சுக்க. இரண்டு பேரும் குனிந்தார்கள். எண்பத்தேழாம் கதவு வந்தது, அதைப் பற்றித் தாளில் எதுவும் இல்லை. இருக்கும் என்று பயந்தார். இல்லாதது அதைவிடக் கனமாக இருந்தது.

"பதினொண்ணு திரும்பினா கடைசி வீடு. செவப்புல ஒண்ணுன்னு போட்டிருக்கும், சிரிக்காத. உள்ள ஒருத்தர் பேப்பர் படிச்சிட்டு இருப்பார், எங்கப்பா. இந்த வழியெல்லாம் அவர் போட்டதுதான். கேட்டா சொல்லுவார், கேக்காமலும் சொல்லுவார். கதவு தொறந்தே இருக்கும், அம்மா சாத்தமாட்டா. தட்டாத, உள்ள போ." பரிமளா தாளை மடிக்கவும் தோன்றாமல் நின்றாள். கதவு திறந்தே இருந்தது. அஞ்சலாட்சி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், வாசலில் தண்ணீர் தெளித்திருந்தாள், நடுமத்தியானத்தில், ஈரம் அதற்குள் ஓரங்களில் காய்ந்துகொண்டிருந்தது. பெட்டியை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள், எடை தெரிந்ததும் முகம் ஒரு கணம் கோணியது, பிறகு நேரானது. "வா" என்றாள். பரிமளாவைப் பார்த்துச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். பரிமளா தாளை வேதகிரியின் கையில் வைத்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், போனில் எதையோ அமுக்கினாள், அவர் பெயரில் அவளே ஒரு கோடு கிறுக்கினாள். திரும்பி இரண்டு எட்டு வைத்தவள் நின்று, முதல் மூலையில் இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்தாள். "ஐயா, வர வழிதான் எழுதியிருக்குது. வெளிய போக எது வழி?" வேதகிரி வாயைத் திறந்தார். நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலை அவர் யோசித்ததே இல்லை. வீட்டுக்குள் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது, நீளமாக, நின்று, மறுபடியும் நீளமாக. அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கேட்டால் சொல்லுவாராம், கேட்டாயிற்று. அவருக்குச் சொல்ல வரவில்லை.